வெள்ளிக்கிழமைத் திட்டு

தலையில் துண்டைச் சுற்றி, கொரோனா காலத்து முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றிவிட்டு, கலியமூர்த்தி வரிசையில் நிற்கிறார். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நசரத்பேட்டை செல்லியம்மன் கோயிலில் இந்த வேஷத்தைக் காணலாம். உள்ளே சந்தனக்காப்பில் அமர்ந்திருக்கிற அம்மன் அவருடைய கைவேலை. காலையிலிருந்து திரைக்குள் இருந்து சந்தனம் அரைத்துப் பூசி, மூக்கு எடுத்து, கண் எழுதி, நகை சாத்தி முடித்துவிட்டு, பின்பக்கக் கதவு வழியாக நழுவி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்கிறார். தன் வேலையை ஜனங்கள் புகழ்வதைக் காது குளிரக் கேட்பதற்காகத்தான் மனிதர் இப்படி மாறுவேஷத்தில் அலைகிறார் என்பது ஊர் வதந்தி. புகழ் மயக்கம் என்று சிலரும், பாவம் என்று சிலரும் சொல்கிறார்கள்.

வதந்தியை விசாரித்தாக வேண்டும் அல்லவா? முதல் சாட்சி, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் சுதா. "வேசமாவது மண்ணாவது! மாஸ்க்கு மூஞ்சிக்குத்தானே போட்டுகினு வர்றாரு, காலுக்கா போட்டுகினு வர்றாரு? அந்த அறுந்த வார் செருப்ப இந்த ஊர்ல யாரு போடுவா?" செருப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கலியமூர்த்தி நிற்கிற இடத்தைச் சுற்றி மூன்று முழத்துக்குப் பெயின்ட் தின்னர் வாசனை அடிக்கும். சந்தனம், சாம்பிராணி, மல்லிகை எல்லாவற்றையும் தாண்டி அடிக்கும். வரிசையில் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் அவரை அடையாளம் கண்டுகொண்டு, காணாததுபோல நிற்கிற மரியாதை அந்த ஊருக்கு இருக்கிறது.

ஆக, நிற்பது உண்மை. எதற்காக நிற்கிறார் என்பதில்தான் ஊர் கோட்டை விட்டிருக்கிறது.

கலியமூர்த்தி தேர்ந்தெடுக்கிற வரிசையைக் கவனித்தாலே பாதி விஷயம் பிடிபடும். சிறப்பு தரிசன வரிசைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அதுல வர்றவன் கையில கார் சாவி வெச்சிகினு வருவான். கும்பிடுவான், போய்க்கினே இருப்பான். வாயத் தொறக்க மாட்டான்" என்கிறார். தர்ம தரிசன வரிசைதான் பேசும். மருமகளைப் பற்றி, மாதத் தவணையைப் பற்றி, வராத மெட்ரோ தண்ணியைப் பற்றி அம்மனிடம் பேசும். அப்படிப் பேசுகிற போக்கில், அம்மன் முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முண்டாசு, முகக்கவசம் எல்லாம்.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில், ஜேசுராஜின் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்க்கிறவர். வேலப்பன்சாவடி கல்லூரிப் பிள்ளைகள் தூணில் முட்டிய கார்களும், பூந்தமல்லி பாலத்தடியில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்ட கார்களும் அங்கே வந்து சேரும். நசுங்கிய தகரத்தை மற்றவர்கள் அடித்து நிமிர்த்தியதும், கலியமூர்த்தி பட்டியைக் குழைத்து, தகட்டால் இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேடு பள்ளம் தெரியாமல் செய்துவிடுவார். பரம்பரையாகக் கோயில் பூசை அவர் குடும்பத்தினுடையது. அண்ணன் மணி அடிக்கிறார், தம்பி கலியமூர்த்தி அலங்காரம் செய்கிறார். கார் கதவில் பழகிய கை அம்மன் கன்னத்திலும், அம்மன் கன்னத்தில் பழகிய கை கார் கதவிலும் மாறி மாறி வேலை செய்கிறது.

இரண்டு வேலைக்கும் ஒரே தலையெழுத்து. பட்டி வேலை நன்றாக வந்தால் கார்க்காரன் என்ன சொல்வான்? "எங்க அடி பட்டுச்சுன்னே தெரியலயே" என்பான். தெரியாத வேலைக்கு யார் கை கொடுப்பார்கள்? கோயிலில் அதைவிட மோசம். காப்பு அழகாக அமைந்தால், "அம்மா இன்னிக்கு என்னா அழகு பாரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அழகெல்லாம் அம்மன் கணக்கு. கொஞ்சம் பிசகிவிட்டால் மட்டும், "கலியமூர்த்தி இன்னாத்த பண்ணி வெச்சிகீறான்?" என்று ஆள் பெயர் வந்துவிடும். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் அமலில் இருக்கிறது.

அவர் காத்திருப்பதும் அந்தப் பிசகைச் சொல்கிற வாய்க்குத்தான். பொதுவாக எந்த வாயும் அல்ல, குறிப்பாக ஒரு வாய். அதன் சொந்தக்காரி பூங்காவனம். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருப்பவர். மனிதர்களைத் தோள்பட்டையாகவும் கழுத்துச் சுற்றாகவும் பார்க்கிற கண். வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்து, வரிசையில் நின்று, அம்மன் முன்னால் போனதும் கை கூப்பமாட்டார். முதலில் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. அதற்கப்புறம் பேச்சு. பேச்சு அம்மனிடம்தான், ஆனால் கோயில் முழுக்கக் கேட்கும்.

"இன்னா தாயி, ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கீது? சொத்தப் பல்லா?"

"தோளு ஏம்மா இப்டி எறங்கிக் கீது? தண்ணி லாரிக்குக் கொடம் தூக்கினியா?"

"மூக்கு குத்திகினியே, மூக்க எங்க வெச்சிட்டு வந்தே?"

முண்டாசுக்குள் இருக்கிற காது இதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அன்றே உள்ளே ஓடித் திருத்துவதற்குக் கலியமூர்த்திக்கு மானம் இடம் கொடுக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுப்பார். அந்த வாரம் கன்னம் இரண்டும் சமமாக இருக்கும். பூங்காவனம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பல்லு வலி போய்ட்ச்சா? நல்லது" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். கலியமூர்த்தியின் இத்தனை வருஷக் கலைவாழ்க்கையில் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு அந்த 'நல்லது'. அதுவும் அம்மனுடைய பல்லுக்குக் கிடைத்தது.

திட்டு கிடைத்த வாரத்துக்கும் கிடைக்காத வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் பட்டறை முதலாளி ஜேசுராஜுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், செல்லியம்மன் கோயில் வாசற்படி மிதித்ததில்லை. "எனக்கு எதுக்கு நேர்ல போயிப் பாக்கணும்? வெள்ளிக்கெழம அந்தம்மா நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கியிருந்தா, சனிக்கெழம இவன் தேய்க்கிற பானெட்டுல மூஞ்சி பாத்துத் தலை சீவிக்கலாம். அந்தம்மா ஊருக்குப் போய்ட்டா என் வண்டிக்குத்தான் நஷ்டம்" என்கிறார்.

நேரில் சொல்லாமல் அம்மன் வழியாக எதற்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். நேரில் பேச்சு கிடையாது. அதற்குக் காரணம் ஒரு ஜாக்கெட்.

மாங்காட்டில் ஒரு கல்யாண மண்டபம். கலியமூர்த்தியின் மனைவி மங்களம், பூங்காவனம் தைத்த பட்டு ஜாக்கெட்டில் வந்திருந்தார். பந்திக்கு நிற்கிற கூட்டத்தின் நடுவே, பூங்காவனமும் காதில் வாங்கிக்கொண்டிருக்கும்போது, கலியமூர்த்தி மனைவியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ஒரு கை முன்னால ஓடுது, இன்னொரு கை அத்தத் தொரத்துது?" என்றுவிட்டார். கூட்டம் சிரித்தது. பூங்காவனம் சாப்பிடாமல் மண்டபத்தை விட்டுப் போனவர்தான். ஊரில் உள்ள கன்னம், தோள், மூக்கு எல்லாவற்றையும் பற்றி வாய் ஓயாமல் அபிப்பிராயம் சொல்கிற அம்மாளுக்குத் தன் கைவேலையைப் பற்றி ஒரு வார்த்தை தாங்கவில்லை. விமர்சனத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய வியாதி அல்ல என்பதால் அவரைத் தனியாகக் குறை சொல்வதற்கில்லை.

இன்றைக்குக் கேட்டாலும் பூங்காவனம் ஒப்புக்கொள்வதில்லை. "ஜாக்கெட்டுல ஒரு தப்பும் இல்ல. மங்களத்துக்குத்தான் ஒரு தோளு ஒசரம். ஆண்டவன் தெச்சது அப்டி, நான் இன்னா பண்றது?" மங்களத்திடம் கேட்டால், "என் தோளு ரெண்டும் தராசு மாதிரி கீது" என்று நின்று காட்டுகிறார். தராசு சற்றே சாய்ந்திருப்பதுபோலத்தான் தெரிந்தது. அதைச் சொல்லி இன்னொரு பகையைத் தொடங்குவானேன்? ஒன்று மட்டும் நிச்சயம். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பூங்காவனம் எந்தப் பெண்ணுக்கும் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுக்கிறார். "நான் எப்பவுமே அப்டித்தான்" என்கிறார். அவர் தைக்கிற கையில் இப்போது குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கலியமூர்த்தியின் அம்மனுக்கும் கன்னம் வீங்குவது நின்று ரொம்ப நாளாகிறது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் திருத்திவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே ஊரில் இருந்தார்கள்.

கலியமூர்த்தியைத் திருத்த வேறு வழிகளும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு வருஷம் விழாக் கமிட்டி அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, 'சந்தனச் சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்தது. அந்த வாரம் அம்மனுக்கு நெற்றி ஒரு விரல் அகலம் கூடிவிட்டது. பூங்காவனம் வந்து பார்த்து, "அந்தத் துணிய யாருக்கும்மா போர்த்தினாங்க, உனக்கா அவனுக்கா? தலை உனக்கு வீங்கிக் கீதே!" என்று கேட்டார். பொன்னாடை இப்போது பட்டறையில் பெயின்ட் தூசி படாமல் வண்டிக் கண்ணாடியை மூட உதவுகிறது.

போன ஆடியில்தான் விஷயம் கை மீறியது. கமிட்டிச் செயலாளரின் மகன் கிரண், வேலப்பன்சாவடியில் என்னவோ மீடியா படிப்பு படித்தவன், கோயிலுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தான். 'செல்லியம்மன் அஃபிஷியல்' என்று பெயர். (அனஃபிஷியல் செல்லியம்மன் யார் என்று தெரியவில்லை.) முதல் வெள்ளிக்கிழமைக் காப்பை மெதுவாக அருகே போய்ப் படமெடுத்து, பின்னால் உடுக்கை சத்தம் போட்டு ஏற்றினான். ராத்திரிக்குள் ஆயிரக்கணக்கில் இதயங்கள். கனடாவிலிருந்து ஒருவர் திரை கொள்ளாமல் தீ எமோஜி அனுப்பியிருந்தார். 'வேற லெவல்', 'புல்லரிச்சிடுச்சு', 'யாருப்பா அந்த அலங்கார ஆர்ட்டிஸ்ட்?' என்று கேள்விகள். சட்டம் மாறிவிட்டது. முதல் முறையாக அழகுக்கு ஆள் பெயர் கேட்டார்கள்!

கலியமூர்த்தியும் மனிதன்தானே. மகளிடமிருந்து பழைய டச் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு, சாப்பிடும்போதும் மங்களத்துக்குப் படித்துக் காட்டினார். "இத்த கேளுடி, 'கடவுளின் கை'ன்னு போட்டுகீறான் ஒருத்தன்." மங்களம், "அந்தக் கையில கொழம்பு காயுது, மொதல்ல சாப்புடு" என்றார்.

அதே வாரத்தில் பூங்காவனத்துக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. புகை ஆகாது, கூட்டம் ஆகாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார். சூடமும் சாம்பிராணியும் மண்டுகிற கோயிலுக்கு அவர் வருவதற்கே வழியில்லாமல் போயிற்று.

கடிவாளம் போன இடத்தில் கிரண் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. கண்ண மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணா ரீல்ஸ்ல தூக்கும்ணா." அடுத்த வாரம் கண் பெரிதாயிற்று, இதயங்கள் இரட்டித்தன. அதற்கடுத்த வாரம் இன்னும் பெரிதாயிற்று. வெள்ளைக்கு நடுவில் கருவிழி தனியாக மிதந்தது. கைக்குழந்தை ஒன்று சன்னதியில் அதைப் பார்த்து வீறிட்டு அழ, தாய்க்காரி அதை வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அன்றைய படத்துக்குக் கிரண் 'உக்கிர தரிசனம்' என்று தலைப்புப் போட்டான். கனடாக்காரர் மறுபடியும் தீ அனுப்பினார்.

ஆனால் அந்தக் குழந்தையின் அழுகை கலியமூர்த்தியின் காதை விட்டுப் போகவில்லை. முண்டாசைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று பார்த்தார். வரிசை ஊமையாகிவிட்டிருந்தது. சன்னதிக்கு நேரே வந்ததும் எல்லோரும் கையைத் தூக்கினார்கள், கையில் செல்போன் இருந்தது. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மருமகளைப் பற்றி யாரும் பேசவில்லை, மூக்கைப் பற்றியும் பேசவில்லை. பேச வேண்டியதை வீட்டுக்குப் போய்ப் படத்துக்குக் கீழே தீயாகப் போட்டுக்கொண்டார்கள். கலியமூர்த்தி அந்தச் சாயங்காலம் வரிசையில் மறுபடி மறுபடி வந்து நின்றதாகச் சுதா சொல்கிறார். "செருப்பப் போடறாரு, கழட்டறாரு, போடறாரு, கழட்டறாரு. எனக்கே தல சுத்திட்ச்சி."

வீட்டில் கேட்டுப் பார்த்தார். மங்களத்துக்கு அம்மன் எப்படி இருந்தாலும் அழகு. "தாயப் போயி நல்லாக் கீதா, நல்லால்லியான்னு கேப்பியா நீ?" அண்ணனைக் கேட்டார். பூசாரி அண்ணன் உண்டியல் பக்கம் பார்த்துவிட்டு, "கூட்டம் நல்லா வருதுடா. இப்டியே வுடு" என்றார். பட்டறையில் மட்டும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை அவர் தேய்த்த பானெட்டை ஜேசுராஜ் வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னா கலியா, மெரினா பீச்சு மாதிரி அலை அலையா வருது?" என்றார். வண்டி திரும்ப உப்புத்தாளுக்கு வந்தது.

கடைசி வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடியின் மற்ற வெள்ளிகளில் பிசகினால் அடுத்த வாரம் சரி செய்துகொள்ளலாம். கடைசி வெள்ளிக் காப்பு அப்படியல்ல. அந்த முகத்தின் படத்தைத்தான் ஊர் வருஷம் முழுக்கச் சட்டம் போட்டுக் கடையிலும் வீட்டிலும் மாட்டி வைத்துக்கொள்ளும். "எதுவோ தப்பாக் கீது. எதுன்னுதான் தெரில. கையி போற போக்குல போய்க்கினு கீது" என்று மங்களத்திடம் அவர் சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லையாம். பட்டினி கிடப்பதைக்கூடச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர் அவர்.

மங்களம் போனில் படத்தை எடுத்துக்கொண்டு, தானாகவே போகிறதுபோலப் பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனார். "யக்கா, அம்மாவ நீ பாக்கவே இல்லியே, இத்தப் பாரேன், எப்டி கீது?"

பூங்காவனம் கறுப்புக் கண்ணாடி வழியே போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "போட்டோவப் பாத்து ஜாக்கெட்டு தெக்க முடியுமாடி? ஆள் வரணும்."

வந்து சொன்னார் மங்களம். கலியமூர்த்தி பட்டித் தகட்டைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "ஆளத்தானே அனுப்பணும்?" என்றார்.

கடைசி வெள்ளியன்று பொழுது சாய்கிற நேரத்தில் உற்சவ அம்மன் டிராக்டரில் தெருச் சுற்றி வருவது வழக்கம். உற்சவ அம்மனுக்குப் பூ அலங்காரம்தான் எப்போதும். இந்த முறை அதற்கும் சந்தனக்காப்பு என்று கலியமூர்த்தி அறிவித்தார். கமிட்டி முணுமுணுத்தது. வழக்கமில்லை, தெருக் காற்றில் சந்தனம் காய்ந்து வெடிக்கும் என்றார்கள். "அம்மா கேட்டுச்சி" என்றார் கலியமூர்த்தி. அதற்கு எதிர்க்கேள்வி கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கிரணுக்கு ஏகக் குஷி. "ரெண்டு காப்பு, ரெண்டு ரீல்ஸ்!" மூலவருக்கு வைத்த அதே முகத்தை, அதே கண்ணை, உற்சவ அம்மனுக்கும் வைத்தார். தப்பு எதுவோ, அது அப்படியே போக வேண்டும்.

பாண்டு வாத்தியமும் மேளமும் முன்னே போக, டிராக்டர் வீடு வீடாக நின்று நகர்ந்தது. பூங்காவனத்தின் கடை வாசலுக்கு நாலு வீடு முன்னாலேயே கலியமூர்த்தி கீழே குதித்து, "இங்க சூடம் ஏத்தாத, சாம்பிராணி வாணாம், தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று வழி ஒதுக்க ஆரம்பித்தார். மந்திரி வருகிறாரா என்று சிலர் எட்டிப் பார்த்தார்கள். அவர் முண்டாசு கட்டவில்லை. முகக்கவசமும் இல்லை.

பூங்காவனம் வெளியே வந்தார். கறுப்புக் கண்ணாடியில் சி.பி.ஐ. அதிகாரி போல இருந்தார். கையில் தேங்காய்த் தட்டு. தட்டை நீட்டவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை, கீழிருந்து மேலே இன்னொரு பார்வை. மேளக்காரர் என்ன நினைத்தாரோ, அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா," என்றார் பூங்காவனம், "எத்தப் பாத்து இப்டி பயந்துகினு கீறே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிரண் போனைப் பூங்காவனத்தின் பக்கம் திருப்பினான்.

"கண்ணு ரெண்டும் பிதுங்கிகினு கீதே. எவனாச்சும் மெரட்டினானா? நாங்க எங்க பயத்தச் சொல்லிக்கத்தான் உன்னாண்ட வர்றோம். ஊட்டுக்காரன் குடிச்சிட்டு வர்றான்னு வர்றோம், புள்ளைக்குக் காச்சல்னு வர்றோம். நீயே இப்டி அரண்டு போய் நின்னா, நாங்க யாராண்டம்மா போறது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கலியமூர்த்தி அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வெள்ளி கிடையாதே. டிராக்டர் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். இடுப்பிலிருந்து பட்டித் தகடு வந்தது, மாலைகளுக்குப் பின்னால் வைத்திருந்த சொம்பிலிருந்து குழைத்த சந்தனம் வந்தது. இத்தனை வருஷம் திரைக்குள் செய்த வேலையை நட்டநடுத் தெருவில், ஊர் பார்க்கத் தொடங்கினார். "அண்ணா, லைவ் போய்க்கினு கீதுண்ணா!" என்று கிரண் அலறினான். "போவட்டும்டா" என்றார், திரும்பாமல்.

மேலிமையின் மேல் சந்தனத்தை மெல்லிசாக இழுத்தார். கடையைப் பாதி மூடுகிற ஷட்டர் போல இமை கொஞ்சம் இறங்கியது. தகட்டின் நுனியால் வெள்ளையைச் சுரண்டிக் குறைத்தார். கட்டைவிரலை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு, கீழிமையை ஒரு தடவு தடவினார். கருவிழியைச் சற்றுக் கீழே இறக்கி எழுதினார். பின்பக்கம் நின்றிருந்த ஒரு மினி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. நிமிர்ந்து விலகியபோது, எங்கோ தூரத்தை முறைத்துக்கொண்டிருந்த அம்மன், தெருவில் நிற்கிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு பெண் செல்போனைத் தாழ்த்திவிட்டு, "அம்மா... எங்கம்மா!" என்று முணுமுணுத்துக் கையைக் கூப்பினாள். பழைய சட்டப்படி, அழகு அம்மன் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

கலியமூர்த்தி அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. டிராக்டர் மேலிருந்தபடியே, அந்த மாங்காட்டு மண்டபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நேரே பூங்காவனத்தைப் பார்த்துக் கேட்டார்.

"யக்கா, இப்போ?"

பூங்காவனம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தேங்காய்த் தட்டை மேலே நீட்டினார். பதில் சொன்னபோது அம்மனைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னார்.

"தப்பு கறுப்புக் கண்ணாடியிலயும் தெரியும். நல்லாக் கீதுன்னு சொல்லணும்னா வெளிச்சத்துல பாக்கணும். டாக்டரு கண்ணாடியக் கழட்டச் சொல்லட்டும், அப்பால சொல்றேன். நானே வந்து சொல்றேன்."

"சொல்லணும்" என்றார் கலியமூர்த்தி.

"சொல்றேன்னா சொல்றேன். எறங்கு, பஸ்ஸுக்காரன் கத்தறான்."

அன்றைய நேரலையைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை, அதற்கு முன்னால் எந்தக் காப்புக்கும் கிடைக்காதது என்று கிரண் சொல்கிறான். கலியமூர்த்தி அன்று ராத்திரியே மூலவரின் கண்ணையும் இறக்கிவிட்டு, போனை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜேசுராஜின் பட்டறையில் பானெட்டுகள் அலையடங்கிவிட்டன. இறக்கிய கண்ணோடு கூடிய முகம் ஊர்க் கடைகளில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பூங்காவனத்தின் கடையிலும் ஒன்று, நல்ல வெளிச்சம் படுகிற சுவரில், மெஷினுக்கு நேர் எதிரே.

கறுப்புக் கண்ணாடி போய் மாதக்கணக்காகிறது. பூங்காவனம் இப்போது வெறுங்கண்ணாலேயே ஊசியில் நூல் கோர்க்கிறார். சொல்கிறேன் என்ற அந்த 'நல்லாக் கீது' மட்டும் இன்னும் வந்தபாடில்லை. பட்டறைக்குப் போக நேர்வழி இருந்தும், கலியமூர்த்தி தினமும் காலையில் தன் டி.வி.எஸ். எக்ஸெல்லை அந்தத் தெருவுக்குள் திருப்புகிறார். கடை வாசலில் வேகத்தைக் குறைத்து, காலைத் தரையில் ஊன்றி, எஞ்சினை அணைக்காமல் உள்ளே பார்க்கிறார். மெஷினிலிருந்து பூங்காவனம் தலையைத் தூக்குகிறார். அவரைப் பார்க்கிறார். பிறகு டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக நாலு குண்டூசி எடுத்து, பேச இடமில்லாதபடி உதட்டுக்கு நடுவே வரிசையாகக் கவ்விக்கொண்டு, மறுபடி துணிமேல் குனிகிறார்.